மதினியின் மூச்சு

சோலையம்மாளுக்குக் கண்ணிமை செருகியபோது தூக்கக் கலக்கம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். விடியுமுன் மல்லிகை பறிக்க வேண்டுமென்று தோட்டத்துக் கொட்டகையிலேயே சாக்கை விரித்துப் படுத்தவள், வயிறு வலிக்கிறது என்று எழுந்து வந்தாள். சோடா குடித்தாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. உடம்பில் எங்கும் கடித்த தடமில்லை. தம்பி மோகன்குமார் போய்ச் சாக்கை உதறிப் பார்த்தபோதுதான் கட்டுவிரியன் நெளிந்து ஓடியது.

சேவுகம்பட்டியிலிருந்து வாடகைக் காரில் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் அவளால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உதடு நீலம் பாய்ந்திருந்தது. மோகன்குமாரின் மனைவி சண்முகவள்ளி அவள் தலையை மடியில் தாங்கியபடி வந்தாள். நாத்தனாரை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை என்று அந்த அவசரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். அங்கே மூச்சு மிஷின் ஒன்றே ஒன்றுதான்; அதில் வேறொருவர் கிடந்தார். டாக்டர் ஆனந்தி சோலையம்மாளின் தொண்டைக்குள் குழாயை இறக்கி, அதன் நுனியில் தேங்காய் அளவு ரப்பர் பை ஒன்றை மாட்டி அமுக்கினார். நெஞ்சு எழும்பியது. விட்டார். அமர்ந்தது. விஷமுறிவு ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது தானா விரியாது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல கூடாரத் துணி மாதிரி ஒரு தசை இருக்கு. அது கீழ இறங்குனாத்தான் காத்து உள்ள வரும். இறங்குன்னு மூளை சொல்றது அந்தத் தசைக்குப் போய்ச் சேரவிடாம விஷம் மறிச்சிருச்சு. அது முறியற வரைக்கும் இதை அமுக்கிக்கிட்டே இருக்கணும். நீங்க மூச்சு விடுற வேகத்துக்கே அமுக்குங்க. நிப்பாட்டிராதீங்க."

முதலில் மோகன்குமார்தான் அமுக்கினான். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கை நடுங்கி, ஒன்றுக்கு இரண்டாக அமுக்கினான். நர்ஸ் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையை வள்ளியிடம் கொடுத்தார்.

ஆரம்பத்தில் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அமுக்கினாள், விட்டாள். போகப்போக விரல்கள் மரத்தன. மணிக்கட்டில் தொடங்கிய வலி தோள்வரை ஏறியது. கை மாற்றிப் பார்த்தாள். இடக்கைக்கு அந்தப் பிடி வரவில்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காமல் விட்டுக்கொண்டிருந்த மூச்சு இவ்வளவு பாரமான வேலையா என்று அலுப்பாக இருந்தது.

இளம் வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள் சோலையம்மாள். வள்ளி வாக்கப்பட்டு வந்தபோது அடுப்படி அவள் கையில் இருந்தது. சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைப்பது, யார் எப்போது எங்கே போவது, எல்லாம் அவள் சொல்வதுதான். வள்ளி அதையெல்லாம் சகித்துக்கொண்டாள். சகிக்க முடியாத ஒன்றும் இருந்தது. பிறந்த ஊரான எரியோட்டில் தன் அப்பாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்து சொன்ன அன்று, பூ மலர்ந்தால் விலை போகாது, பறித்துப் போட்டுவிட்டுப் போ என்றாள் சோலையம்மாள். வள்ளி பறித்துப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் வார்டு அடங்கிக் கிடந்தது. பக்கத்துக் கட்டிலில், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போன தன் புருஷனுக்கு விசிறிக்கொண்டிருந்த பேகம்பூர் ஜெய்தூன் பீவியும் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வள்ளி குனிந்து, அசைவற்ற அந்த முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். கோபம்கூட இல்லை. அத்தனை அசதியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்கப்பா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப பூப் பறிக்கச் சொன்னீகளே மதினி. இப்ப உங்க மூச்சு என் கையில கெடக்கு. நான் கையை எடுத்துட்டா என்ன செய்வீக?"

கையை எடுக்கவில்லை. அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் பேச்சு நிற்கவில்லை. பழையதையெல்லாம், தனக்குப் பிள்ளை தங்காமல் போனதற்கு ஊருக்குள் மதினி சொன்ன காரணம்வரை, ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்தாள்.

சற்றுப் பொறுத்து டாக்டர் வந்தார். சோலையம்மாளின் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா, சரியாயிரும்" என்றார். மயக்கமாகக் கிடப்பவளிடம் ஏன் பேசுகிறார் என்று வள்ளி கேட்டாள்.

"மயக்கமில்ல. கண்ணைத் தொறக்கிற தசையும் அசையல, அம்புட்டுத்தான். நாம பேசுறது அத்தனையும் அவுங்களுக்குக் கேக்கும்."

வள்ளிக்குக் காது மடல் சுட்டது. அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அமுக்கினாள். அவள் படும் பாட்டைப் பார்த்த ஜெய்தூன் பீவி, கொண்டா என்று பையை வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். அந்த ராத்திரி முழுக்க அவர்கள் இருவரும், கைநடுக்கம் குறைந்தபின் மோகன்குமாரும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள்.

மறுநாள் உச்சிப் பொழுதில் சோலையம்மாளின் கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஒரு தடவை, வள்ளி அமுக்குவதற்கு முன்பே வயிறு லேசாக மேலே வந்தது. வள்ளி கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். மறுபடியும் வந்தது. அது தான் கொடுத்த மூச்சில்லை என்று புரிந்ததும் அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். ஆனாலும் உடனே விட்டுவிடக் கூடாது, அவளாக இழுக்கும்போதெல்லாம் கூடவே அமுக்கிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில்தான் குழாயை எடுத்தார்கள்.

மோகன்குமார் இட்லி வாங்கப் போயிருந்தான். வள்ளி கரண்டியால் தண்ணீர் புகட்டினாள். கரண்டியைப் பிடிக்கவே விரல் மடங்கவில்லை. சோலையம்மாள் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பேசுனது அம்புட்டும் கேட்டுச்சு," என்றாள். குரல் தேய்ந்து வந்தது.

வள்ளி தலையை மட்டும் ஆட்டினாள். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

"பேசுனப்ப எனக்குப் பயமில்ல வள்ளி. அதுக்கப்புறம் நீ வாயே தொறக்கல பாரு, அப்பத்தான் பயந்து போனேன். கை அசந்து தூங்கிருவியோன்னு. என்னத்தையாச்சும் பேச மாட்டாளா, வைய மாட்டாளான்னு கெடந்தேன்."

வள்ளி இன்னொரு கரண்டித் தண்ணீரைப் புகட்டினாள்.

"உங்கப்பா விசயத்துல…" என்று ஆரம்பித்த சோலையம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது.

"பேசாதீக மதினி. தொண்டை புண்ணாயிருக்கு," என்றாள் வள்ளி. அந்தப் பேச்சு அதோடு நின்றது. பிறகும் அவர்கள் அதை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில நாள்வரை வள்ளியால் குடம் தூக்க முடியவில்லை. அடுப்படி சோலையம்மாளிடமே இருந்தது. உப்புக் குறைந்தால் வள்ளியைத்தான் சொன்னாள். ஒரு நாள் காலை, பூப் பறிப்பு மும்முரமாக இருக்கும்போதே, வள்ளி முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு எரியோட்டுக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. எப்போது வருவாய் என்று சோலையம்மாளும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் மாற வேண்டிய திண்டுக்கல் வரும்வரை வள்ளி தூங்கிக்கொண்டே போனாள்.