கொடியை வெட்டியது குமரேசன் அல்ல

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அனுப்பிய தேன்சிட்டுப் படத்துக்குக் கீழே, எங்கள் பறவை பார்க்கும் குழுவின் அட்மின் ஜீவானந்தம் எழுதியிருந்தார்: "சார், குருவி நல்லா இருக்கு. படம்தான் நல்லா இல்ல. மூஞ்சி மேல புள்ளி புள்ளியா நிழல். நடுவுல கொடி குறுக்க போகுது. லைட்டையும் ஃபிரேமையும் கொஞ்சம் கவனிங்க."

அவர் சொன்னது சரிதான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஊரப்பாக்கத்தில் எங்கள் மாடி வீட்டு பால்கனியில், டிஷ் கேபிளில் தொங்கும்படி ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். (மேற்கு பார்த்த பால்கனி. நாலரை மணிக்கு மேல் மஞ்சள் வெயில் விழும். படம் எடுப்பவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.) ஆனால் கூட்டின் மேல் கெசியாவின் சங்குப்பூக் கொடி படர்ந்து கிடந்தது. கெசியா என் மனைவி. குரோம்பேட்டையில் கணக்கு டீச்சர். அந்தக் கொடி மட்டும் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட படம் கிடைக்கும் என்று பத்து நாளாகச் சாப்பிடும்போதெல்லாம் அவளிடம் புலம்பினேன். இந்தப் புலம்பலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் இதை மறைக்கப் பார்ப்பேன்.

2

முதல் தொடக்கம்: "குமரேசனுக்குச் சின்ன வயதிலிருந்தே பறவைகள் என்றால்..." வேண்டாம். எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே ஏதோ ஒன்று.

இரண்டாம் தொடக்கம்: "சனிக்கிழமை மதியம் குமரேசன் கத்தரிக்கோலோடு பால்கனிக்குப் போனான். கூட்டை மறைத்த மூன்று கொடிகளை நறுக்கினான். நாலரைக்கு வெயில் நேராகக் கூட்டின் வாசலில் விழுந்தது. தாய்ச்சிட்டு வந்தது. அதன் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். பின்னணியில் வெறும் வெளிர்பச்சை. குமரேசன் பன்னிரண்டு படம் எடுத்தான். அவன் அதுவரை எடுத்ததிலேயே சிறந்த பன்னிரண்டு."

இது பரவாயில்லை. தொடர்ந்தேன்: "கேமராவை இறக்கியபோது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை உட்கார்ந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. குமரேசனுக்குக் கிடைத்த அதே ஃபிரேம் அதற்கும் கிடைத்திருந்தது."

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். கூட்டுக்குப் பக்கத்தில் ஓர் இலையைக்கூடத் தொடக்கூடாது என்பது எங்கள் குழுவில் சேர்ந்த அன்றே சொல்லும் முதல் விதி.* அதை அறிந்த குமரேசன் ஏன் வெட்டினான்? அவனுக்கு ஒரு காரணம் கொடுக்க எவ்வளவோ முயன்றேன். ஒன்றும் ஒட்டவில்லை.

* விதி எனக்குத் தெரியும். வீட்டில் சொன்னதில்லை. புலம்பலை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

3

எதை வாசித்தாலும் கெசியா சிவப்புப் பேனாவோடுதான் உட்காருவாள். இதையும் அப்படித்தான் வாசித்தாள்.

"யாரு இந்தக் குமரேசன்?"

"கதையில வர்ற ஆளு."

"அவன் எதுக்குக் கொடிய வெட்டுறான்? வெட்டினது நான்தானே, ஷெர்வின்."

[இதுவரை சொல்லாதது: அந்தச் சனிக்கிழமை நான் குழுவோடு பெரும்பாக்கம் ஏரிக்குப் போயிருந்தேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் கூடு பளிச்சென்று தெரிந்தது. "காத்துல ஒடிஞ்சிருக்கும்" என்றாள். குப்பைக்கூடையில் மூன்று தண்டுகள் நேராக நறுக்குப்பட்டுக் கிடந்தன. பார்த்தேன். கேமராவை எடுத்தேன். அந்தப் பன்னிரண்டு படமும் என்னுடையவை.]

"தெரியும்" என்றேன்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். பத்து நாளா நிழல் நிழல்னு பொலம்பிட்டிருந்த. உனக்கு ஒரு நல்ல படம் கெடைக்கட்டுமேன்னுதான் வெட்டினேன். குஞ்சுக்கு ஆகாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லல."

"அப்போ குமரேசன் தலையில போடாத. பாவம், அவன் யாரு பெத்த புள்ளையோ."

குமரேசனை எல்லா இடத்திலும் சிவப்பில் அடித்து, ஓரத்தில் தன் பெயரை எழுதினாள். மார்க் போடும்போது எழுதுகிற அதே நிதானமான கையெழுத்து.

4

ஆகவே குமரேசன் போய்விட்டான். நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி மேல் அந்தக் காக்கை நிஜமாகவே உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கெசியாவுக்குத் தான் செய்தது புரிந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு. அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. பாடகர் குழுவில் இருப்பவள். கல்யாணமான ஆறு வருஷத்தில் காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறாள். அன்று காலை எட்டு மணிக்குக் கறுப்புக் குடையை விரித்து, கிரில் வழியாகக் கையை நீட்டி, காக்கைக்கும் கூட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள். கை மாற்றுகிறேன் என்றேன். அசைந்தால் சிட்டு பயப்படும் என்றாள்.

நாற்பது நிமிஷம் தாய் வரவில்லை. பிறகு வந்தது. குடைக்கம்பியில் உட்கார்ந்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குஞ்சுகளுக்கு ஊட்டியது. "வந்துடுச்சு" என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது, தொடவில்லை.

திங்கட்கிழமை இருவருக்கும் வேலை. குடையை கிரில்லில் நாடா போட்டுக் கட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினோம். மாலையில் வந்து பார்த்தபோது குடை கழன்று தலைகீழாகத் தொங்கியது. கூடு கிழியவில்லை. உள்ளே யாரும் இல்லை.

5

முடிவுகள்.

அ) குஞ்சுகளுக்குப் பறக்கிற வயதுதான். பறந்துவிட்டன.

ஆ) அந்தக் காக்கை

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இ) கெசியா நாளடைவில் மறந்துவிட்டாள். இது பொய். கொடி மறுபடி வளர்ந்து கிரில் முழுக்க மூடிவிட்டது. அவள் ஒரு பூவைக்கூடப் பறிப்பதில்லை. குடை பால்கனியிலேயே கிடக்கிறது. மழை வந்தால் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள்.

6

இன்னும் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

அந்தத் திங்கள் காலை கிளம்பும் முன் ஒரே ஒரு படம் எடுத்தேன். குடை நிழலில் கிட்டத்தட்டக் கறுப்பு. கம்பி குறுக்கே போகிறது. ஓரத்தில் நாடா முடிச்சுப் போடும் கெசியாவின் விரல்கள். ஜீவானந்தம் பார்த்தால் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிடுவார். ஆனால் கூட்டின் வாசலில் ஒரு குஞ்சு பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டினால் அதன் சிறகு விரிந்திருந்ததா, இன்னும் இறகு விரியாமல் குச்சி குச்சியாகத்தான் இருந்ததா என்று தெரிந்துவிடும். விரிந்திருந்தால், பறந்திருக்கும். இல்லையென்றால்

மூன்று மாதமாக நான் வெளிச்சத்தைக் கூட்டவில்லை.

இன்று மாலை, இதுவரை எழுதியதைக் கெசியாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். எதையும் அடிக்கவில்லை.

"அந்தப் படத்தத் தொற" என்றாள்.

திறந்தேன்.

"எந்தப் பக்கம் தள்ளினா வெளிச்சம் கூடும்?"

"வலது பக்கம்."

மவுஸின் மேல் கையை வைத்தாள். "பறந்திருக்காதுன்னு தெரிஞ்சா?"

"கதையில ரெண்டு பேர் பேரையும் போடுறேன். வெட்டினது நீ, வெட்ட வெச்சது நான்."

குடை பிடித்த அன்று கை மாற்றட்டுமா என்று கேட்டிருந்தேன். இந்தமுறை கேட்கவில்லை, அவள் கையின் மேல் என் கையை வைத்தேன்.

நான் எழுதுகிற கையும் அதுதான், அதை எடுக்கப் போவதில்லை. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.