தினமும் வெளிநடப்பு

ஊரே மழை வேண்டிக் கும்பிடும்போது, நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீடு மட்டும் வெயில் வேண்டிக் கும்பிடும். என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடுகிற வேலை. இரண்டு வருஷமாக நல்ல மழை, கிணற்றில் குனிந்தே தண்ணீர் மொள்ளலாம். எவன் போர் போடுவான்? வண்டி ஏழு மாதமாக ஷெட்டில் நின்றது. இவர் வீட்டில் நின்றார். வண்டியாவது வாயை மூடிக்கொண்டு நின்றது. இவர் ரசத்துக்கு நான் எத்தனை மிளகு போடுகிறேன் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் ஜாம்பியாவில் ஒரு வேலை இருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். வீடியோவில் இன்டர்வியூ, எடுப்பவர் கோலின் என்கிற வெள்ளைக்காரர். இவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ரிக் வண்டியோடு சரி. எனக்கு பி.காம். இருக்கிறது, அதைவிட நிறையத் திமிரும் இருக்கிறது. "ரஞ்சிதா இருக்கறப்ப உங்களுக்கு என்னங்க கவலை?" என்று சொல்லிவிட்டேன்.

சேலத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு ஃபிரேசல் வெர்ப் புத்தகம் பிடித்தேன். வினைச்சொல்லின் வாலில் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டதும் அதன் குணமே மாறிப்போகும் என்று முதல் பக்கத்திலேயே எச்சரித்திருந்தார்கள். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் கைவிடு. இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்புன்னா மேலதானே புள்ள? நான் நாள் பூரா போர்க்குழிக்குள்ள ராடை அப்பு, டவுனுன்னு ஏத்தி எறக்கறவன். மேல கொடுத்தா எப்படிக் கைவிட்டது ஆகும்?"

"ஏனுங்க, 'போட்டுத் தள்ளிட்டான்'னு சொல்றாங்களே. எதைப் போட்டான், எங்க தள்ளினான்?"

"அட, ஆமா" என்றார்.

அப்புறம் வண்டி ஓடியது. பால் பொங்கினால் 'பாயில் ஓவர்' என்று கத்துவார், எழுந்து அடுப்பை மட்டும் அணைக்க மாட்டார். கேஸ் தீர்ந்தால் 'ரன் அவுட்'. 'பிரேக் டவுன்' நான் சொல்லித் தரவே வேண்டியிருக்கவில்லை, பதினோரு வருஷமாக அதோடு குடும்பம் நடத்தியவர். 'பிக் அப்' என்றால் ஒருத்தரைப் போய்க் கூட்டிக்கொண்டு வருவது என்று படித்துப் படித்துச் சொன்னேன். இல்லை, அது மேட்டில் ஏறும்போது வண்டிக்கு இருக்கிற இழுவைதான் என்று கடைசிவரை சாதித்தார்.

புத்தகத்தில் ஒரே ஒரு குறை. 'டர்ன்' வரிசையோடு நின்றுவிட்டது. மீதியைக் கரையான் படித்து முடித்திருந்தது.

"வாக் அவுட்டுன்னா?" என்று ஒருநாள் கேட்டார்.

"வாக்குன்னா நடக்கறது. அவுட்டுன்னா வெளிய. இதுக்கெல்லாம் பொஸ்தகம் வேணுமாக்கும்?" என்றேன். அந்தத் திமிரை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

இன்டர்வியூ அன்று போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து அவரை எதிரில் உட்காரவைத்தேன். நான் போனுக்குப் பக்கவாட்டில், எனக்குத் திரை தெரிகிற, கோலின் கண்ணுக்கு நான் தெரியாத இடத்தில் நின்றுகொண்டேன். கம்ப்ரசர் பிரேக் டவுன் ஆனால் என்ன செய்வாய் என்று கேட்டார். இவர் பிரித்து மேய்ந்துவிட்டார். பாறை, மண், களிமண் என்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோலின் பேனாவைக் கீழே வைத்தார். போன வருஷம் இரண்டு டிரில்லர்கள் வாக் அவுட் செய்துவிட்டார்கள், நீயும் வாக் அவுட் செய்வாயா என்று நிதானமாகக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "யெஸ் சார்! டெய்லி! மார்னிங் ஃபைவ் ஓ கிளாக்!"

"டெய்லி?"

"எவ்ரி டே சார். மை ஒய்ஃப் ஆல்சோ."

கோலின் மறுபடி பேனாவை எடுத்து ஒரு கோடு கிழித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டசபைச் செய்தியில் ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. வெளிநடப்பு! பாதியில் விட்டுவிட்டுப் போவது! அதற்குத்தான் என் வீட்டுக்காரர் தினமும் காலை ஐந்து மணிக்கு, அதுவும் குடும்பத்தோடு, சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் 'வெளிநடப்பு!!!' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தூக்கிக் காட்டினேன். படித்தார். நான்தான் வெளியே போகிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, 'சரி, போ' என்று கண்ணைக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கெடுத்தது அவர் இல்லை, நான்.

"வீ வில் கெட் பேக் டு யூ" என்றார் கோலின். புத்தகத்தில் இதற்குப் 'பிறகு தொடர்பு கொள்வோம்' என்று போட்டிருந்தது. பி.காம். முடித்து வேலை தேடி அலைந்த எனக்கு அதன் நிஜ அர்த்தம் தெரியும். இனி கூப்பிட மாட்டார்கள்.

இவர் எழுந்து நின்று கும்பிட்டார். "ஓகே சார். ஐ கோ அண்ட் கம்."

கட் பண்ணப்போன கோலினின் விரல் நின்றது. "கம்? எங்கே வருகிறாய்?"

"நோ சார். மை வில்லேஜ், நோபடி சே கோ." இவர் திணறித் திணறிச் சொன்னார். எங்கள் பக்கம் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. செத்தவன்தான் போவான். உயிரோடு இருக்கிறவன் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்லுவான். ஆந்திராவுக்கு ஆறு மாதம் ரிக்கோடு போனாலும் அப்படித்தான். "ஒர்க் ஃபினிஷ், தென் கம். லெவன் இயர்ஸ், சேம் ஓனர் சார்."

"ஒரு குழியைக்கூடப் பாதியில் விட்டதில்லையா?"

இவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ராடு இன்சைட் சார். ஹவ் லீவ்?"

கோலின் நெற்றியைத் தடவிக்கொண்டார். அப்புறம் எதற்காகத் தினமும் ஐந்து மணிக்கு வெளியே நடக்கிறாய் என்று கேட்டார்.

"சுகர் சார். டாக்டர் சே."

அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் அரிசி டப்பா கிடுகிடுத்தது. மூன்றாம் நாள் நிஜமாகவே கெட் பேக் செய்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

நான் வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனுங்க." அவர் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. "அட உடு புள்ள. நீ சரியாச் சொல்லிக் குடுத்திருந்தா நான் 'நோ சார்'னு சொல்லியிருப்பேன். எல்லாரும்தான் நோ சார்னு சொல்லுவாங்க" என்றார்.

கிளம்புகிற நாளும் வந்தது. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வாசலில் நின்றது. புதுச் சட்டை, புது ஷூ. ஒரு கையில் பெட்டியோடு திரும்பி, சினிமாக்காரர் மாதிரி சொன்னார்: "ரஞ்சி, ஐ'ம் ஆஃப்."

எட்டாம் பக்கத்தில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கிளம்புகிறேன் என்று அர்த்தம். தெரியும். ஆனால் ரிக்காரர்கள் பேச்சில் இன்ஜின் செத்தாலும் ஆஃப், ஆள் செத்தாலும் ஆஃப்.

"வாயக் கழுவுங்க! கெளம்பற நேரத்துல என்ன பேச்சு இது? ஒழுங்காச் சொல்லிப்போட்டு வண்டி ஏறுங்க!"

பெட்டியைக் கீழே வைத்தார். ஏழு மாதம் என் உயிரை வாங்கிய மனுஷர். இனி இரண்டு வருஷத்துக்கு மிளகை எண்ண ஆள் கிடையாது.

"போயிட்டு வாரேன் சாமி" என்றார்.

கார் நகர்ந்தது. கோலின் அப்போது பார்த்திருந்தால் மறுபடியும் குழம்பியிருப்பார். போகிற வண்டியைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாங்க, வாங்க" என்று கையாட்டிக்கொண்டிருந்தேன்.