ஒன்பது பேருக்குப் புரிய வேண்டும்

பன்னிரண்டு வருஷம் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு குடித்தனம் நடத்திவிட்டு மருத்துவ எழுத்துக்கு வந்தவள் நான். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத் துறைமுகத்தை ஒட்டிய சின்ன நிறுவனம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை எழுதுவதுதான் வேலை. "அதை எவன் படிக்கிறான்?" என்று கேட்டான் அண்ணன். படிக்க வைக்கத்தான் சம்பளம் என்றேன். மூன்று மாதத் தற்காலிக வேலை என்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். எழுதிய தாளைப் பத்துப் பேரிடம் கொடுத்து, புரிந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வோம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்பது பேராவது சரியாகச் சொல்ல வேண்டும். எழுதியவரும் அறையில் உட்காரலாம்; வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முதல் சுற்றில் மண்ணைக் கவ்வினேன். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை அது. "இரைப்பையில் ரத்தக் கசிவு ஏற்படுவதற்கான சாத்தியக்கூறு அதிகரிக்கக்கூடும்" என்று எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற படகோட்டி ஒருவர் நிதானமாகப் படித்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்னு போட்டிருக்கு. அப்ப எனக்கு வராது" என்றார். நாலு பேர்தான் தேறினார்கள்.

"டாக்டரம்மா, நீங்க எழுதினதுல தப்பே இல்ல. ஒருத்தருக்கும் புரியாத அளவுக்குச் சரியா இருக்கு" என்றார் ராஸ். மருந்துக்கடையை மூடிவிட்டு இந்தப் பக்கம் வந்த என் மேலாளர். "அடுத்த சுற்றும் ஊத்திக்கிச்சுன்னா, உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நான் மேல பேசவே முடியாது."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே உட்கார்ந்து அத்தனை 'கூடும்'களையும் வெட்டி எறிந்தேன். 'மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.' அவ்வளவுதான்.

இரண்டாம் சுற்றில் அந்தக் கேள்விக்கு எட்டுப் பேர் சரி. ஒருவர் தாளைத் திருப்பியே பார்க்காமல் கோட்டை விட்டார். கடைசி ஆள் வெர்னா. அறுபத்தெட்டு வயது, படகுத்துறையில் சிப்பிக்கறி அடைத்த சூடான பேஸ்ட்ரி விற்பவர். வரும்போதே எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார். என் வேலையே அவர் வாயில் இருந்தது.

"மலம் கறுப்பாப் போனா என்ன செய்வீங்க?" என்றார் ராஸ்.

வெர்னா படித்தார். மறுபடி படித்தார். சட்டென்று எழுந்துவிட்டார்.

"ஏங்க, பதில்?"

"பதிலாவது மண்ணாவது! நானும் இதே மாதிரி மாத்திரைதான் முழுங்குறேன். மூணு நாளா அப்படித்தான் போகுது. கறுப்பு மிட்டாய் தின்னதாலன்னு நெனச்சேன். ஃபோனைக் குடுப்பா!"

ஆம்புலன்ஸில் ஏறும்போதுகூட, "கண்ணு, ஆறிடும், சாப்பிடு" என்று கத்தினார்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவரே பேசினார். வயிற்றில் புண்ணாம், கசிவை நிறுத்திவிட்டார்களாம். "இங்க சாப்பாடு வாயில வைக்க விளங்கல" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுதேன்.

ராஸ் மதிப்பெண் தாளை எடுத்தார். பத்தாவது கட்டம் காலியாக இருந்தது.

"விதிப்படி சொந்த வார்த்தையில சொல்லணும்."

"அவங்க சொல்லலையே" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

"சொல்லலதான்" என்றவர், கட்டத்தில் பெரிதாக ஒரு சரிக்குறி போட்டு, பக்கத்தில் எழுதினார்: 'செய்தே காட்டினார்.'