மூவர்ணச் சட்டைக்குக் கொடுத்த பை

ஜூன் கடைசி ஞாயிறன்று ஃபிளாண்டர்ஸில் வேறு பேச்சே இருக்காது. தேசிய சைக்கிள் சாம்பியன்ஷிப். சாலையோரத்தில், ஓட்டுபவர்கள் போகிற போக்கில் வாங்கிக்கொள்ளும் உணவுப்பையைப் பிடித்தபடி மார்லீன் நின்றிருந்தாள். பை கொழுந்தன் ஸ்டெய்னுக்கு.

போன வருடம் ஜெயித்தவன் அவள் கணவன் யோரிஸ். ஜெயித்தவன்தான் அடுத்த சாம்பியன்ஷிப் வரை தேசியக் கொடியின் கறுப்பு, மஞ்சள், சிவப்புச் சட்டை போடுவான். வேறு யாரும் அதைப் போடக் கூடாது. இந்த மார்ச்சில் யோரிஸ் ஓர் இறக்கத்தில் விழுந்து இறந்தான். அந்தச் சட்டையோடுதான் புதைத்தார்கள்.

"கையை நல்லா நீட்டும்மா. தபால் வாங்க நிக்கிற மாதிரி நிக்கிறியே!" என்றார் மாமனார் காட்ஃப்ரீட்.

"உங்க பிள்ளை கண்ணைத் திறந்துக்கிட்டு வந்தாச் சரி, மாமா."

ஸ்டெய்ன் ஜெயிக்க வேண்டும் என்று மாமனார் வேண்டியிருந்தார். அவன் உயிரோடு திரும்பினால் போதும் என்று மார்லீன்.

சைக்கிள் கூட்டம் வந்தது. மார்ச் வரை ஒவ்வொரு பந்தயத்திலும் மூவர்ணத்தை மட்டுமே தேடிப் பழகிய கண்கள். முதலில் வந்ததும் அதுதான். கை தானாக நீண்டது. பையை வாங்கிய விரல்கள் நிலவறைக் கல்லைப் போலச் சில்லென்றிருந்தன. சக்கரச் சத்தம் இல்லை. ஒவ்வொருவனுக்கும் தொண்டை கிழியக் கத்தும் ஜனங்கள் அவனுக்கு மட்டும் கத்தவில்லை.

"அண்ணி! பை! பை எங்க?"

ஸ்டெய்னின் கை வெறுங்காற்றைப் பிடித்துவிட்டுப் போனது.

"அடிப்பாவி, யாருக்குடி குடுத்த?" என்றார் மாமனார்.



பசியில் கால்கள் திடீரென்று செத்துப்போவதை அங்கே "சுத்தியல்காரன் வந்துட்டான்" என்பார்கள். அடுத்த ஏற்றத்தில் அந்தச் சுத்தியல்காரன் ஸ்டெய்னிடம் வந்தான். முன்வரிசை ஸ்டெய்னை விட்டுவிட்டுப் போனது. ஏற்றம் தாண்டிய இறக்கத்தில் அந்த வரிசை மொத்தமும் குவியலாக விழுந்தது என்று ரேடியோ சொன்னது. ஒருவன் எழுந்திருக்கவே இல்லை.

ஸ்டெய்னை ஏற்றத்தின் நடுவில் கண்டுபிடித்தார்கள். வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

"என் பந்தயத்தையே கெடுத்துட்டீங்க அண்ணி. யாருக்குத்தான் குடுத்தீங்க?"

"உங்க அண்ணனுக்கு."

காட்ஃப்ரீட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறக்கத்தின் பக்கம் பார்த்தார்.

"வாங்கிக்கிட்டானா?"

"வாங்கிக்கிட்டார், மாமா."

"சாப்பிட்டானா?" என்று கேட்டார்.