பின்னால் வந்தது நான்

1

இந்தக் கதை என்னிடம் சொல்லப்பட்டது. ஆனால் சொன்னவர் என்னிடம் சொல்லவில்லை. எப்படி என்பது மூன்றாம் பகுதியில் தெரிந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் நேராக அங்கே போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தொடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எழுதி அடித்தவை இதோ:

மலையடிவாரத்தில் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில் (பனியும் இல்லை, அதிகாலையும் இல்லை. சுள்ளென்று வெயில்.)

ஆறு தன் ஆயிரம் நாவுகளால் பாறைகளிடம் (ஆற்றுக்கு நாக்கு வைத்தால் அடுத்த வரியில் பல் வைக்கத் தோன்றும்.)

அவர் ஒரு பேருந்து ஓட்டுநர். (இது இருக்கட்டும்.)

2

அவர் ஒரு பேருந்து ஓட்டுநர். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. மனைவி மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவர். வலிக்காமல் எடுப்பார் என்று பெயர். எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் இல்லாத நேரங்களில் ஓட்டுநரும் அப்படித்தான்.

ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது இன்னொருவர் செருப்பு மாட்டுகிற குடும்பம் அது. கணவர் ஓய்வுபெறப் போகிறார் என்றதும் ஊசியம்மா தன் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டார். இனிமேலாவது ஒரே நேரத்தில் சாப்பிடலாம், நினைத்தால் கிளம்பிப் போகலாம் என்று ஆசை. அந்த ஆசையின் முதல் தவணைதான் இந்தச் சைக்கிள் பயணம்.

சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையைக் குடைந்து புதுப்பாதை போட்டதும் மோட்டார் வண்டிகள் எல்லாம் அதற்குள் புகுந்துகொண்டன. ஆற்றோரம் வளைந்து போகும் பழைய சாலையைச் சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிட்டார்கள். அடிவாரத்துப் பழத்தோட்டங்கள் வழியாக மெல்ல ஏறி, இருபுறமும் பாறை நெருக்குகிற இடுக்குக்குள் நுழைந்து, ஆற்றுக்குத் துணையாகவே போய், ஒரு பாலத்தில் முடிகிறது. வழியெல்லாம் தண்ணீர்ச் சத்தம். மூச்சு வாங்கினால் நின்று தோட்டத்து வேலியில் சாய்ந்துகொள்ளலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

(இங்கேதான் எனக்குத் தலைவலி. கதை என்றால் எதிரே ஏதாவது வர வேண்டாமா? ஒரு வரைவில் லாரி ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தேன். சாலை முகப்பில் உள்ள தடுப்புக் கம்பியைத் தாண்ட முடியாமல் இன்னும் அங்கேயே நிற்கிறது.)

சைக்கிள் வாடகைக் கடையிலேயே ஓட்டுநர் முகம் சுளித்தார்.

"கண்ணாடி இல்லாத வண்டிய எப்படிங்க ஓட்டறது?"

"பின்னாடி எதுவும் வராதுங்க சார். அதுக்குத்தானே எல்லாரும் இந்த ரோட்டுக்கு வராங்க" என்றார் கடைக்காரர்.

"எதுவும் வரலைன்னு தெரிஞ்சுக்கவே கண்ணாடி வேணும்ல?"

"பின்னாடி நான்தான் வருவேன்" என்றார் ஊசியம்மா. "என்னைப் பாக்கக் கண்ணாடி எதுக்கு? திரும்பினா கழுத்து சுளுக்கிக்குமா?"

மஞ்சள் சட்டையும் தொப்பியுமாகக் கிளம்பினார் ஓட்டுநர். ஈ காக்காய் இல்லாத சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் கை காட்டினார். எதிரே பெரிய வண்டி வந்தால் என்ன செய்வது என்று ஓரம் கட்டிக் காத்திருந்தார். ஊசியம்மா சிரித்துச் சிரித்து வழியிலேயே இரண்டு தடவை இறங்க வேண்டியதாயிற்று.

3

ஆனால் ஓட்டுநர் ஊசியம்மாவிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

பணிமனையில் ஆள் பற்றாக்குறை. இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று மேலாளர் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இவர் சரி என்றுவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த உயரமான இருக்கை, கைக்கு அடங்காத அந்தச் சக்கரம், ஏறுகிறவர்கள் எல்லோரும் தன்னை நம்பித் தூங்கிப்போவது, எதையும் விட மனசு வரவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், பரிசோதனைக்கூடத்தில் ஊசியம்மாவை வழியனுப்பியபோது கொடுத்த பூங்கொத்து மேசைமேல் இருந்தது. வாயைத் திறந்தவர் தண்ணீர் கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

(இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். அவரே சொன்னார். பூங்கொத்து உட்பட.)

நேருக்கு நேர் சொல்லும் தைரியம் இல்லை. ஆனால் திரும்பாமலே பின்னால் இருப்பவர்களிடம் பேசுவது அவருக்குத் தொழில் பழக்கம். "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கச் சொன்னவர். சைக்கிளில் முன்னால் போகிறபோது சொல்லிவிட வேண்டும், முகத்தைப் பார்க்கிற வேலை மிச்சம் என்று முடிவு செய்தார்.

பாறை இடுக்கு தொடங்கியது. பின்னால் சரளையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பின்னால் வந்தது நான்.

ஊசியம்மா இரண்டு வளைவுக்கு முன்பே செயின் கழன்று நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் தனியாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவள். மாட்டிவிட்டேன். கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "முன்னாடி ஒருத்தர் மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டுக் காத்துக்குக் கை காட்டிட்டுப் போவார். கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, நான் மெதுவா வரேன்."

அதைச் சொல்லத்தான் விரைந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நான் ஒண்ணு சொல்வேன், கத்தக் கூடாது."

"ஏங்க..." என்றேன்.

"குறுக்க பேசாதே. பேசினா எனக்கு வராது."

பேசவில்லை. ஆற்றுச் சத்தத்தில் எந்தப் பெண் குரலும் ஒன்றுதான் போலிருக்கிறது. முழுவதும் சொன்னார். மேலாளர், இருக்கை, பூங்கொத்து. "உன்கூட இருக்கப் பிடிக்காம இல்லம்மா" என்றபோது குரல் உடைந்தது. "வண்டிய விட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது. அதான் பயம்." அப்போதாவது நான் மணியை அடித்திருக்கலாம். அழுகிறவர் பின்னால் எப்படி மணி அடிப்பது?

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்று திரும்பினார். பார்த்ததும் சைக்கிள் பாறைப் பக்கம் சாய்ந்தது, காலை ஊன்றிச் சமாளித்தார்.

"நீங்க யாருங்க?"

"உங்க வீட்டம்மா நிக்கச் சொன்னாங்க. செயின் கழண்டுடுச்சு."

"எப்பலேர்ந்து பின்னாடி வரீங்க?"

"'கத்தக் கூடாது'லேர்ந்து."

ஆற்றோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லைங்க. நீங்களே சொல்லிடறீங்களா?"

"நான் யாருங்க சொல்ல?"

"அப்ப சொல்லாமலாவது இருங்க."

4

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஊசியம்மா வந்து சேர்கிறார். அவர் சொல்கிறார். "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஊசியம்மா புன்னகைக்கிறார். (அடித்துவிட்டேன். எழுதுகிறவருக்கு வேலை சுலபம், ஊசியம்மாவுக்கு அநியாயம். அவருக்குத் தெரியாது.)

ஓட்டுநர் பணிமனைக்குத் தொலைபேசியில் பேசி, வேண்டாம் என்றுவிடுகிறார். (அந்த இடுக்கில் சிக்னல் கிடையாது. கிடைத்திருந்தாலும் அவர் ஆசையைப் பிடுங்கிப்போட எனக்குக் கை வரவில்லை.)

அந்த லாரி (கூடாது.)

5

நடந்தது இதுதான். பாலத்துக்கு அருகில் ஒரு தேநீர்க் கடை. நான் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். பின்னாலேயே இருவரும் வந்தார்கள். ஓட்டுநர் என்னைப் பார்க்காததுபோல் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் கழுவினால் ரேகையே போய்விடும்.

ஊசியம்மா என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். நன்றி சொன்னார். ரோடு அழகு என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்னாடி போகும்போது அவர் உங்ககிட்ட ஏதாச்சும் பேசினாரா?"

நான் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"இல்ல, கொஞ்ச நாளாவே ஏதோ சொல்ல வாயெடுக்கறார், முழுங்கிடறார். ஒழுங்கா தூங்கறதில்ல. ரத்தம் எடுத்துப் பாத்துடலாமான்னு கேட்டா எரிஞ்சு விழறார். எத்தனை பேர் ரிப்போர்ட்டைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? பெரிய வியாதியா ஏதோ வந்திருக்கு, எங்கிட்ட மறைக்கறார்." தன் தேநீர்க் குவளையைக் குடிக்காமலே தள்ளி வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பயத்தை என் வரைவுகளில் எதிலும் நான் யோசித்திருக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தில் நானே தீர்த்துவைக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சார்! கை கழுவினது போதும், இங்க வாங்க" என்று குழாயடியைப் பார்த்துக் கத்தினேன். "உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு தெரியணுமாம்."

தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். தேநீர் பாதியில் கிடந்தது, கிடக்கட்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். ஊசியம்மா கேட்டது மட்டும் காதில் விழுந்தது: "உங்களுக்கு என்னங்க பண்ணுது? உண்மையச் சொல்லுங்க."

நான் நிற்கவில்லை. அடுத்த வரி ஓட்டுநருடையது, எழுத வேண்டியது நீங்கள். இரண்டு வருடத்தை ஒன்றாகக் குறையுங்கள், குறைக்காமல் விடுங்கள், ஊசியம்மாவை எழுந்து போக வையுங்கள், குவளையைத் தூக்கி வீச வையுங்கள், எல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் முதலில் சொல்வது "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா" என்றிருக்கட்டும். மற்றதை அதன் பிறகு சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.