இரண்டு கார்கள்

ஸ்டுட்கார்ட்டில் ஞாயிற்றுக்கிழமை கார் கடை திறந்திருக்கும், ஆனால் விற்கக் கூடாது, சட்டம். பார்க்கலாம், உட்காரலாம். விற்கிறவன் தொல்லை இல்லாத நாள் என்பதால் நான் அன்றுதான் போவேன்.

அங்கே இரண்டு வண்டிகளில் எதை வாங்குவதென்று குழப்பம். ஒன்று இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், வாலிபத்து ஆசை. மற்றது பேட்டரியில் ஓடும் பெரிய குடும்ப வண்டி, ஏழு சீட். மகள் ஹைகே பிள்ளைகளோடு வந்தால் அதுதான் வசதி. ஈஸ்டருக்குக்கூட அவள் வரவில்லை. அதனால் சிவப்பில் உட்கார்ந்தேன்.

எழுந்திருக்க முடியவில்லை. சீட் தரையோடு தரையாக இருந்தது. காவலாள் வந்தான்.

"என்ன பெரியவரே, கார் உங்கள விடமாட்டேங்குதா?"

"பல்லக் காட்டாம தூக்குடா."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். மனைவி இறந்துபோன பிறகு யாரும் என்னை இப்படிப் பிடித்ததில்லை.

"போதும், கைய எடு" என்றேன். எடுத்துவிட்டான்.

என் வீட்டு வாசலில் யார் தூக்குவார்கள்? பெரிய வண்டியின் கதவைத் திறந்தேன். சீட் இடுப்பு உயரம். தனியாக ஏறினேன், தனியாக இறங்கினேன். நாளைக்கு வந்து இதையே வாங்கிவிட வேண்டியதுதான்.

"பேரப்பிள்ளைங்களுக்கா?" என்றான் காவலாள்.

"ஆமா. ஏழு சீட்டும் பத்தாது."