என் பெயரில் ஒரு மேசை

கதவைத் திறக்கும் அட்டையைப் பூட்டில் வைத்தேன். விளக்கு சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. காலை ஆறு மணி.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாய் ஊரில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது இந்த இடம். மேசை, நாற்காலி, ஏர்கோன், குடிக்கத் தண்ணீர் எல்லாம் வைத்து மாத வாடகைக்கு விடுகிறார்கள். யுனிவர்சிட்டிப் பிள்ளைகள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், அப்புறம் நான். ரெங்கம் பக்கம் நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு லாரி பிடித்துக் கொடுப்பது என் தொழில். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் எண்ணெய் மில்லுக்குப் போயாக வேண்டும். ஒரு போன், ஒரு நோட்டு, என் தொண்டை. வேறொன்றும் தேவையில்லை.

முப்பது வருடம் வீட்டிலிருந்துதான் செய்தேன். மகன் ரூபேந்திரனை அவனுடைய சிங்கப்பூர் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் வந்தது வினை.

"ப்பா, மீட்டிங்ல இருக்கேன். நீங்க டயர் போச்சான்னு கத்துறது சிங்கப்பூர் வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும். அவனுக்கும் லாரி வேணும்னா சொல்லு."

"எழுபத்தொரு வயசாச்சு. விட்டுடுங்கப்பா. நான் சம்பாதிக்கலையா?"

விடவில்லை. இந்த இடத்தைப் பிடித்தேன். பதிவுக்கு ஈமெயில் கேட்டார்கள். என்னிடம் இல்லை. ரூபேந்திரன் தன்னுடையதைப் போட்டுக் கொடுத்தான். எவனையும் நம்பாத நான் அங்கேதான் கோட்டை விட்டேன்.

இங்கே யாருக்கும் இதுதான் மேசை என்று கிடையாது. முதலில் வருகிறவர் பிடித்த இடம். எனக்கு அது புதிதா? எஸ்டேட்டில் இருட்டோடு பெரட்டு வரிசையில் நின்று பெயர் கொடுத்தவன் நான். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. ஆறு மணிக்கே வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரமே என் குரலைப் பற்றி இரண்டு புகார். இடத்தைப் பார்த்துக்கொள்ளும் நஜ்வா, சுவரோரம் நின்ற கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். போன் பேச அதற்குள் போக வேண்டுமாம். கக்கூஸ் அளவுதான் இருக்கும். போனேன். வெளியிலிருந்து பார்த்தால் தொட்டி மீன் வாயசைக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சிரித்தாள். சிரிக்கட்டும்.

கதவு திறக்கவில்லை என்பதற்காக வேலை நிற்குமா? கீழே இறங்கி மோட்டார் சைக்கிள் சீட்டில் நோட்டை விரித்தேன். டிரைவர் செல்வா கூப்பிட்டான்.

"அண்ணே, கிளட்ச் போச்சு. லாயாங் லாயாங் ரோட்டுல நிக்கிறேன்."

"டேய், கமலநாதன் தோட்டத்துக் குலை நேத்தே வெட்டினதுடா!"

இன்னொரு டிரைவர் யஹ்யாவைப் பிடித்தேன்.

"எங்க இருக்க பாய்?"

"ரெங்கத்துலதான். ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்ணே."

"மடிச்சு எடுத்துக்கிட்டு வண்டியில ஏறு!"

எதிர்க் காப்பிக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு மணி வரை அப்படியே நின்று ஏழு லாரியை அனுப்பினேன். பிறகு நஜ்வா வந்தாள்.

"அங்கிள், உங்க மெம்பர்ஷிப் நேத்தோட முடிஞ்சிருச்சு. கேன்சல் பண்ணச் சொல்லி நீங்கதானே ஈமெயில் போட்டீங்க?"

"எனக்கு ஈமெயிலே கிடையாதும்மா."

அவள் போனைக் காட்டினாள். ரூபேந்திரன் என்ற பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எனக்கு அடையாளம் தெரியும். அவனுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களில் பார்த்துப் பார்த்து நான் எழுதிய பெயர் அது.

"என்ன எழுதியிருக்கான்?"

"உங்களுக்கு உடம்பு முடியல, இனிமே வர மாட்டீங்கன்னு."

"ரெண்டு மணி நேரமா ரோட்டுல நின்னு கத்தினேன். இது முடியாத உடம்பா?"

"அக்கறையிலதான் செஞ்சிருப்பார் அங்கிள்."

"அக்கறை இருந்தா என்கிட்ட சொல்லணும். கதவுகிட்ட ஏன் சொன்னான்?"

அவள் என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போய் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"சதாசிவம்னு புதுசா எழுதும்மா. ஈமெயிலும் என் பேர்லயே போடு."

எல்லாம் எழுதிவிட்டு, பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள் என்றாள்.

"நீ திரும்பி நில்லு."

"அலமாக், என்னையுமா அங்கிள்?"

"பெத்த புள்ளையே இப்படி. நீ நேத்து பார்த்த பொண்ணு."

சிரித்துக்கொண்டே திரும்பினாள். ஒற்றை விரலால் இரண்டு தடவை அடித்தேன். என்ன அடித்தேன் என்று இங்கேயும் சொல்ல மாட்டேன்.

அட்டையை வைத்ததும் பச்சை எரிந்தது. அதற்குள் ஜன்னலோர மேசையில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். பிந்தி வந்தது நான், அவளை எழுப்ப எனக்கு வாயில்லை. கக்கூஸ் பக்கத்து மேசையில் நோட்டை வைத்தேன். போன் அடித்தது. ரூபேந்திரன். கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன், கதவைச் சாத்தவில்லை.

"ப்பா, எங்க இருக்கீங்க? வீட்டுக்கு வாங்க, பேசலாம்."

"மீட்டிங்ல இருக்கேன்டா."

"ப்பா, நான் என்ன சொல்றேன்னா..."

"உன் கடுதாசியைப் பார்த்தேன். இன்னொரு தடவை எனக்கு உடம்பு முடியலன்னு எழுதின, உன் ரூம் ஜன்னல்கிட்ட ஏழு லாரியையும் நிறுத்தி ஆர்ன் அடிக்க வைப்பேன். சிங்கப்பூர்க்காரன் கேட்டா, எங்கப்பா வேலை பாக்குறார்னு சொல்லு."

வைத்துவிட்டேன். மொத்த அறையும் என்னையே பார்த்தது. மறுபடி போன் அடித்தது. யஹ்யா, கமலநாதன் குலையோடு மில்லு வாசலிலிருந்து.

இப்போது கதவைச் சாத்திக்கொண்டேன்.